அத்தையின் மெழுகுக் கட்டி

பீடி சுற்றுகிறவர்களுக்குக் கழுத்து எப்போதும் குனிந்தே இருக்கும். மடியில் சொளவு என்கிற முறம், சொளவில் தூள், பக்கத்தில் நனைத்து நறுக்கிய இலை. கண்ணும் கையும் அங்கேதான். திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் எங்கள் அத்தை காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகிறவரைக்கும் அந்தக் குனிவுதான். அவள் கழுத்தை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. அவளே பார்த்ததில்லை. 2003 ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் அவள் அண்ணாந்து சோடா குடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. தொண்டைக்குழிக்கு வலப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒன்று, விழுங்க விழுங்க மேலே ஏறி இறங்கியது.

“என்னத்த அது கழுத்துல?”

“எது, இதா? இது ரெண்டு வருசமா கெடக்குட்டி. வலி ஒண்ணும் இல்ல. அது பாட்டுக்குக் கெடக்கு.”

நான் அப்போது லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. விழுங்கும்போது ஏறி இறங்குகிற கட்டி தைராய்டில் இருக்கிற கட்டி என்பது பாடத்தில் படித்தது. அந்தச் சுரப்பி மூச்சுக்குழாயோடு சேர்ந்து கட்டுண்டிருக்கிறது. குரல்வளை ஏறினால் அதுவும் ஏறும். தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை என்பதும் படித்ததுதான். அந்தத் தைரியத்தில்தான் அத்தையை ஊசி டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மூன்று வாரத்தில் ஆபரேஷன் ஆகி, அத்தையின் தைராய்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது.

டப்பாவில் வருகிற சதைக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. முதலில் பத்து சதவீத ஃபார்மலினில் ஊறும். ஒரு நாள் ஊறியதும் டாக்டர் அதை வெட்டிப் பார்த்து, சந்தேகமான இடங்களைத் தபால்தலை அளவுத் துண்டுகளாக எடுத்துக் கேசட் என்கிற சின்னச் சல்லடைப் பெட்டியில் வைப்பார். அதற்குப் பிறகு எங்கள் வேலை. ஆல்கஹாலில் போட்டு ஈரத்தை வாங்கி, சைலீனில் தெளியவைத்து, அறுபது டிகிரிக்கு உருகிய பாரஃபின் மெழுகில் தோய்த்து ஆறவிட்டால், சதை மெழுகுக்குள் நின்றுவிடும். அதைத்தான் பிளாக் என்போம். மைக்ரோடோம் என்கிற சீவுகருவியில் நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவினால் ரிப்பன்போல வரும். அந்த ரிப்பனை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கமெல்லாம் தானாக விரியும். விரிந்த நொடியில் கண்ணாடியில் அள்ள வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் சதை தண்ணீரில் பிரிந்து போகும். அன்றைக்கு அத்தையின் ரிப்பனை அள்ளும்போது என் கை நடுங்கி இரண்டு தடவை விட்டுவிட்டேன்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். ஆற்றுப் படித்துறைக் கல்லில் பிடித்த பாசிக்கொடி மாதிரி கிளைகிளையாக நீண்ட விரல்கள். அவற்றின்மேல் நெருக்கியடித்துக்கொண்டு செல்கள். ஒவ்வொரு செல்லின் உட்கருவும் உள்ளே ஒன்றுமில்லாதது போல வெளிறி, நடுவில் கோதுமை மணிக்கு இருக்கிற மாதிரி ஒரு கோடு. அங்கங்கே வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல அடுக்கடுக்கான சுண்ணாம்பு மணிகள். “பாப்பில்லரி கார்சினோமா. இதுக்கு மேல எதுவும் பாக்க வேண்டியதில்ல,” என்றார் டாக்டர். கழுத்து நெறிகளிலும் அது ஏறியிருந்தது.

தைராய்டு கேன்சர்களில் பத்துக்கு எட்டு இந்த வகை. பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையை அத்தைக்குச் சொன்ன விதம்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆபரேஷன் செய்தவர் சிரித்துக்கொண்டே, “கேன்சர்லயே இது நல்ல கேன்சர்,” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அத்தை அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு திருவனந்தபுரம். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நெடுங்காலமாகவே கேன்சர் என்றால் நாகர்கோவில் தாண்டி அங்கே ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் மையத்துக்குப் போகிற பாதை பழக்கம். கதிரியக்க அயோடின் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் பதினைந்து நாள் பத்தியம். அயோடின் கலக்காத உப்புத் தேடி மாமா தூத்துக்குடிக்குப் போனார். சாளை கிடையாது, நெத்திலிக் கருவாடு கிடையாது, பால்கூட அளந்துதான். அத்தை அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அந்தப் பத்தியத்துக்குக் காரணம் அழகானது. உடம்பில் அயோடினை இழுத்துச் சேர்த்துவைக்கிற வேலை தைராய்டு செல்லுடையது. அதன் சுவரில் அயோடினை உள்ளே ஏற்றுகிற ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. பட்டினி போட்டால் செல் ஆவலாகக் கிடக்கும். அப்போது அயோடின்-131 என்கிற கதிரியக்க அயோடினைக் கொடுத்தால், உடம்பில் எந்த மூலையில் ஒரு தைராய்டு செல் ஒளிந்திருந்தாலும் தானே வாங்கிக் குடித்துச் சாகும். புற்றாக மாறிய பிறகும் தைராய்டு செல் தன் குணத்தை மறக்காமல் இருப்பதால்தான் 1940-களிலிருந்து இந்த வைத்தியம் பலிக்கிறது. மறக்காமல் இருக்கிறவரைக்கும்.

ஊர் திரும்பியதும் தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனை. தைரோகுளோபுலின் தைராய்டு செல் மட்டுமே செய்கிற புரதம். சுரப்பியை முழுக்க எடுத்து, மிச்சத்தை அயோடினால் எரித்த ஒருவருக்கு அது ரத்தத்தில் இருக்கவே கூடாது. இருந்தால், எங்கோ ஒரு கூட்டம் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு எதிரான ஆன்டிபாடி சிலர் ரத்தத்தில் இருந்து அளவைக் குறைத்துக் காட்டிவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அத்தைக்கு ஆன்டிபாடி இல்லை. எண்ணிக்கை கருவி காட்டும் எல்லைக்குக் கீழேயே நின்றது. முதல் ஐந்து வருடம் ஒழுங்காகப் பார்த்தோம். பிறகு வருடத்துக்கு ஒன்று. 2013-க்குப் பிறகு அதுவும் நின்றது.

“டாக்டரே நல்ல கேன்சர்னு சொல்லிட்டாவல்லா. பொறவு என்னத்துக்கு அலையணும்? ஒரு நாள் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வந்துபோனா அன்னிக்குக் கூலி போச்சு.”

நான் வற்புறுத்தவில்லை. எனக்குக் குழந்தை பிறந்த சமயம். வேலையும் வீடுமாக ஓடியது. இப்போது நினைத்தால் பார்க்காமல் விட்ட அந்த ஐந்து வருடம்தான் என் தொண்டையில் நிற்கிறது.

2018 சித்திரையில் அத்தைக்குக் குரல் கம்மியது. சளி என்று சுக்குத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியிருந்தது, கல்லுப்போல. தைரோகுளோபுலின் 86. அயோடின் ஸ்கேன் எடுத்தால் படத்தில் ஒன்றுமே ஒளிரவில்லை. சி.டி. ஸ்கேனில் நுரையீரல் முழுக்கப் பொரிபொரியாகத் தெரிந்தது. ரத்தம் இருக்கிறது என்கிறது, அயோடின் இல்லை என்கிறது. செல்கள் தைரோகுளோபுலின் செய்வதை நிறுத்தவில்லை, ஆனால் அயோடின் குடிக்க மறந்துவிட்டன.

கழுத்து நெறியை எடுத்தார்கள். அதுவும் எங்கள் மேசைக்கே வந்தது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு அதே அத்தையை மறுபடி சீவினேன். பாசிக்கொடி அங்கங்கே இருந்தது. ஆனால் செல்கள் மாறியிருந்தன. அகலத்தைப்போல மூன்று மடங்கு உயரமாக, வரிசையில் நின்றன. சில இடங்களில் வரிசையும் இல்லாமல் திண்ணென்று அடைத்துக்கொண்டிருந்தன. நடுவே செத்த திட்டுகள்.

மருந்து தீர்மானிக்க மரபணுச் சோதனை வேண்டும் என்றார் புற்றுநோய் டாக்டர். பழைய கட்டியையும் கூடவே சோதித்தால் நல்லது, 2003 பிளாக் கிடைக்குமா என்று கேட்டார். எங்கள் ஆய்வகத்தில் பதினைந்து வருடத்துப் பிளாக் கிடையாது. எனக்கு நம்பிக்கை இல்லை. போனில் மாமாவிடம் கேட்டேன்.

“திருவனந்தபுரத்துல கேட்டாவன்னு வாங்கிட்டுப் போனோம்லா, அந்த மெழுகா? அது பெட்டிக்குள்ள இருக்கு.”

தகரப் பெட்டி. வீட்டுப் பத்திரம், பீடி பாஸ்புக், மகளின் பள்ளிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய மாத்திரைக் கவர். அதற்குள் நான்கு பிளாக், ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் பென்சிலால் எழுதிய எண். ஒரு ஓரத்தில் மட்டும் மெழுகு லேசாகப் பிசகியிருந்தது. பதினைந்து அக்கினி நட்சத்திரம் அந்தப் பெட்டி ஓட்டுக்கூரைக்குக் கீழே இருந்திருக்கிறது. பாரஃபின் உருக ஐம்பத்தாறு டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் தப்பியது. “ஆஸ்பத்திரிச் சாமான், தூரப் போடக் கூடாதுன்னு வச்சேன்,” என்றார் மாமா. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு.

பழையதும் புதியதுமாகச் சென்னைக்கு அனுப்பினோம். சோதனைக்கான பணம் அத்தை பல மாதம் சுற்றிய பீடிக்குச் சமம். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. இரண்டு பிளாக்கிலும் ‘பிராஃப் வி600ஈ’ மாற்றம். புதிய பிளாக்கில் மட்டும் கூடுதலாக ஒன்று: ‘டெர்ட்’ ஜீனின் முகப்பில் ‘சி228டி’.

இந்த இரண்டு வரிதான் அத்தையின் நோய்க் கதை முழுவதும். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு மடை தெரியாதவர் இல்லை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வரும்; வயலுக்கு வேண்டும்போது மடைப்பலகையைத் தூக்குவார்கள், போதும் என்றால் இறக்குவார்கள். செல்லுக்குள்ளும் ‘வளர்’ என்கிற சேதி வெளியிலிருந்து உட்கருவரைக்கும் இப்படி மடைமடையாகத்தான் போகிறது. பிராஃப் அதில் ஒரு மடை. அந்தப் புரதத்தில் 600-ஆவது இடத்தில் வேலின் இருக்க வேண்டும். டி.என்.ஏ.யில் ஒரே ஒரு எழுத்து மாறி, அந்த இடத்தில் குளூட்டாமிக் அமிலம் வந்து உட்கார்ந்தால் பலகை தூக்கினபடியே இறுகிவிடுகிறது. சேதி வந்தாலும் வராவிட்டாலும் தண்ணீர் பாய்கிறது. அதோடு இன்னொரு கேடும் உண்டு: இந்தப் பாய்ச்சல் கூடக் கூட, அயோடினை ஏற்றுகிற கடத்திப் புரதத்தைச் செல் குறைத்துக்கொண்டே வருகிறது. அத்தையின் ஸ்கேன் இருண்டு கிடந்ததற்கு வேர் இங்கே.

மனிதப் புற்றுகளில் இந்த மாற்றம் இருப்பதை 2002-இல் கண்டார்கள். பாப்பில்லரி தைராய்டு புற்றில் அதுதான் மிகுதி என்று கட்டுரைகள் வந்தது 2003-இல். அத்தையின் கழுத்தில் கத்தி வைத்த அதே வருடம். பாளையங்கோட்டையில் எங்கள் மேசைக்கு அந்தச் சேதி வந்து சேர எத்தனையோ வருடம் ஆனது. 2014-இல் அமெரிக்காவில் 496 பாப்பில்லரி கட்டிகளின் மரபணுவை விரிவாகப் படித்தார்கள். ஏறக்குறைய அறுபது சதவீதத்தில் பிராஃப் மாற்றம். மற்ற புற்றுகளோடு ஒப்பிட்டால் தைராய்டு புற்றில் மாற்றங்கள் மிகக் குறைவு. அதனால்தான் பெரும்பாலும் சாதுவாக இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்களிடம் பிராஃப் இருந்தும் அவர்களில் மிகப் பலர் நெடுங்காலம் வாழ்கிறார்கள். ஆகவே ரிப்போர்ட்டில் பிராஃப் என்று கண்டதும் யாரும் ஒடிந்துபோக வேண்டாம். அது தனியாக நிற்கும்போது சொல்வது கொஞ்சம்தான்.

டெர்ட் கூடச் சேர்ந்தால் வேறு.

நூல்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பீடிக்கும் ஒரு சுற்று, ஒரு அறுப்பு. கண்டு தீர்ந்தால் அன்றைய வேலை தீர்ந்தது. நம் குரோமோசோம்களின் நுனியில் அப்படி ஒரு நூல் இருக்கிறது, டெலோமியர். செல் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் கொஞ்சம் அறுபடும். தீர்ந்துபோனால் அந்த வம்சம் நின்றுபோகும். அறுந்த நூலை மறுபடி நீட்டுகிற நொதியின் முக்கியப் பகுதி டெர்ட். வளர்ந்த உடம்பின் பெரும்பாலான செல்களில் அது அணைந்தே கிடக்கிறது. முகப்பில் விழுகிற அந்த ஒற்றை எழுத்து மாற்றம், அணைந்ததை ஏற்றுகிறது. ஏற்றுகிற விதம்தான் பயங்கரம்: பிராஃப் மடை வழியாகப் பாய்ந்து வருகிற கட்டளைப் புரதங்கள் வந்து பற்றிக்கொள்ள அங்கே புதிதாக ஒரு கைப்பிடி உண்டாகிறது. ஒன்று வேகம் கொடுக்கிறது, மற்றது தீராத நூல் கொடுக்கிறது. இரண்டும் ஒரே கட்டியில் சேர்ந்தால் நோய் திரும்பி வருவதும் உயிர் போவதும் கூடுகிறது என்பதை 2014-இலிருந்து பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2016-இல் வந்த ஓர் ஆய்வின் கணக்கு என் மேசைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன்: டெர்ட் மாற்றம் பாப்பில்லரியில் 9 சதவீதம், முதிர்ச்சி குறைந்த வகையில் 40, அனாபிளாஸ்டிக் என்கிற கடைசிக் கொடிய வகையில் 73. படி ஏற ஏற எண் ஏறுகிறது.

அத்தையின் பழைய பிளாக்கில் டெர்ட் இல்லை. 2003-க்கும் 2018-க்கும் நடுவில் எப்போதோ, ஏதோ ஒரு செல்லில், அந்த எழுத்து விழுந்திருக்கிறது. எந்த வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர் மாறவில்லை, ரிப்போர்ட்டில் இன்னும் பாப்பில்லரி என்றே இருந்தது. உள்ளே ஆள் மாறிவிட்டது.

முடிவை வாங்கிக்கொண்டு முக்கூடல் போனேன். மாமா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“இது நம்ம பிள்ளைக்கு வருமா? அதை மட்டும் சொல்லும்மா.”

அத்தை மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராது மாமா, என்றேன். இது பிறக்கும்போதே கொண்டுவந்த எழுத்து இல்லை, இடையில் அந்தக் கட்டிக்குள் மட்டும் விழுந்த கீறல். பிறப்பிலே வருகிற தைராய்டு புற்றும் உண்டு. அப்படி நன்றாகத் தெரிந்தது மெடுல்லரி என்கிற வேறு வகை, கால்சிட்டோனின் சுரக்கிற வேறு செல்லில் பிறப்பது. அதில் நாலில் ஒரு பங்கு ‘ரெட்’ ஜீனின் பரம்பரை மாற்றத்தால் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1993-இல் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்த பிறகு, அப்படிப்பட்ட குடும்பங்களில் குழந்தையின் ரத்தத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்ல முடிகிறது, நோய் வருமுன் சுரப்பியை எடுத்துவிட முடிகிறது. மெடுல்லரி என்று ரிப்போர்ட் வந்த வீட்டில் யாரும் ‘எனக்கு மட்டும்தானே’ என்று இருந்துவிடக் கூடாது. அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லோரும் பார்க்க வேண்டும். மாமாவுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ‘வராது’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

இன்னொரு கேள்வி எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் கேட்பது. கூடங்குளத்தால் வந்ததா? இந்தப் பயத்தைச் சின்னதாக நினைக்கிறவள் இல்லை நான். 1986-இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது காற்றில் பரவிய அயோடின்-131 புல்லில் விழுந்து, பசு தின்று, பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டுக்குள் போனது. நாலைந்து வருடத்தில் அந்தக் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்று வரத் தொடங்கியது. அது நடந்த உண்மை. ஆனால் அந்தக் குழந்தைகளின் கட்டிகளில் மிகுதியாகக் கண்டது வேறு மாதிரிக் குறி: டி.என்.ஏ. முறிந்து, ரெட் ஜீனின் துண்டு வேறொரு ஜீனோடு தவறாக ஒட்டிக்கொண்டது. கதிர்வீச்சு இழையை ஒடிக்கும். ஒடிந்தது தப்பாகச் சேரும். ஒற்றை எழுத்து மாறுகிற பிராஃப், பெரியவர்களுக்கு இயல்பாக வருகிற வகையில்தான் அதிகம். அத்தையின் கட்டி தெரிந்ததோ 2003-இல். கூடங்குளத்தின் முதல் உலை மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது 2013 அக்டோபரில். அத்தையின் கட்டிக்குப் பதில் இது. அணுஉலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் கேட்கிற மற்றக் கேள்விகளுக்கு அவர்களுக்கு முழுப் பதில் கிடைத்தாக வேண்டும், அது வேறு வழக்கு.

செர்னோபில் குழந்தைகளின் கட்டிகளைப் பெலாரஸில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் யூரி நிக்கிஃபோரவ். அவர் பிறகு அமெரிக்கா போய், 2016-இல் செய்த இன்னொரு வேலை எங்கள் ஆய்வகத்தில் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றியது. உறைக்குள் அடங்கிய, வெளியே ஊடுருவாத ஒரு வகைக் கட்டியைப் பாப்பில்லரி புற்று என்றே அதுவரை எழுதிவந்தோம். அவருடைய குழு அப்படிப்பட்ட 109 பேரைப் பத்து முதல் இருபத்தாறு வருடம் தொடர்ந்து பார்த்தது. ஒருவருக்குக்கூட நோய் திரும்பவில்லை. இந்தக் கட்டிகளில் இருப்பது பெரும்பாலும் ‘ராஸ்’ ஜீனின் மாற்றம். பிராஃப் வி600ஈ இருக்காது. அதனால் பெயரிலிருந்து புற்று என்று பொருள்படுகிற கார்சினோமா என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். 2017-இல் ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பெண், நிச்சயம் முடிந்தவள், இப்படி ஒரு கட்டியோடு வந்தாள். டாக்டர் உறையைச் சுற்றி முழுக்கப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அந்த ஒரு கட்டிக்கு நான் இருபத்திரண்டு பிளாக் போட்டேன். எங்கேயும் ஊடுருவல் இல்லை. ரிப்போர்ட் வாங்க வந்த அம்மா அதை என்னிடம் நீட்டி, “இதுல கேன்சர்ங்கிற எழுத்து எங்கயும் இல்லல்லா?” என்று மூன்று தடவை கேட்டார். இல்லம்மா, என்றேன் மூன்று தடவையும். அந்த எழுத்து இருந்திருந்தால் எங்கள் ஊரில் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தேடித் தேடிப் பிடிப்பதும் நல்லதல்ல. தென் கொரியாவில் ஏராளமானவர்கள் கழுத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கத் தொடங்கியதும் 1993-இலிருந்து 2011-க்குள் தைராய்டு புற்றுக் கணக்கு பதினைந்து மடங்கானது. இறந்தவர்கள் கணக்கு அசையவில்லை. ஜப்பானில் கோபே நகரத்து கூமா மருத்துவமனையில் 1993 முதல் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளைக் கத்தி வைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலானவை வளர்வதே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் அதில் முக்கியம். நாங்கள் பார்க்காமல் விட்டோம்.

அத்தைக்கு லென்வாடினிப் மாத்திரை தொடங்கினார்கள். அயோடினுக்கு மசியாத தைராய்டு புற்றுக்கு 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்காமல் தடுப்பது. நன்றாகக் கேட்டது. நுரையீரல் பொரிகள் சுருங்கின. தைரோகுளோபுலின் இறங்கியது. ஆனால் ரத்தக்கொதிப்பு ஏறியது, உள்ளங்கையும் விரல் நுனியும் சிவந்து தோல் உரிந்தது. தூள் பட்டால் எரிச்சல் தாங்காது. பதினோரு வயதில் பிடித்த சொளவை அத்தை அறுபத்தொன்றில் இறக்கி வைத்தது அதனால்தான். “மூச்சு நல்லா வருதுட்டி. கைதான் சும்மா இருக்கச் சொல்லுது,” என்பாள். ஒன்றே முக்கால் வருடம் அப்படிப் போனது. மகள் கல்யாணத்தை நின்று நடத்தினாள்.

2020 ஆடியில், ஊரடங்குக்குள், கழுத்து வீங்கியது. இந்தத் தடவை மாதக் கணக்கில்லை. திங்கள்கிழமை இருந்ததைவிட வெள்ளிக்கிழமை பெரிது. திருவனந்தபுரம் போக இ-பாஸ் கிடைக்கவில்லை. இங்கேயே ஊசியால் துளி சதை எடுத்தார்கள். அன்று ஆய்வகத்தில் நானும் டாக்டரும் மட்டும். சீவி, வழக்கமான சாயம் ஏற்றிப் பார்த்தோம். பாசிக்கொடி இல்லை, வரிசை இல்லை, தைராய்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கண்டபடி விரிந்த, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ராட்சதச் செல்கள். டாக்டர் பி53 என்கிற புரதத்துக்குச் சாயம் போடச் சொன்னார். டி.என்.ஏ. கெட்டுப்போன செல்லை மேற்கொண்டு பிரியவிடாமல் நிறுத்துகிற புரதம் அது. நல்ல பி53 சீக்கிரம் கரைந்துவிடும், சாயத்தில் சரியாகத் தெரியாது. கெட்டுப்போனது பல சமயம் கரையாமல் உட்கருவில் தேங்கும், அப்போது பழுப்பாகத் தெரியும். இரவு ஒன்பது மணிக்குக் கண்ணாடியைக் கழுவி நிமிர்த்தினேன். மைக்ரோஸ்கோப் வேண்டியிருக்கவில்லை. வெறும் கண்ணுக்கே அந்தத் துளி முழுவதும் பழுப்பு.

பிராஃப் மாற்றம் உள்ள அனாபிளாஸ்டிக் புற்றுக்கு டாப்ராஃபெனிபும் டிராமெட்டினிபும் சேர்த்துக் கொடுக்க 2018 மே மாதமே அமெரிக்காவில் அனுமதி வந்திருந்தது. இறுகிப்போன அந்த மடையையும் அதற்கு அடுத்த மடையையும் சேர்த்து அடைக்கிற மாத்திரைகள். அத்தையிடம் பிராஃப் இருக்கிறது என்பது இரண்டு பிளாக்கில் எழுதி வைத்த மாதிரி நமக்குத் தெரியும், மறுபடி சோதிக்கக் காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். மாமா வயலை ஒத்திக்கு வைத்தார். சென்னையிலிருந்து மருந்து பார்சல் ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தபோது அத்தை போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து நான் கிளம்பும்போது மாமா வாசலுக்கு வந்தார்.

“அந்த மெழுகு உங்கிட்டத்தான இருக்கு? வேலை முடிஞ்சிட்டுன்னா கொண்டாந்து குடு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். 2003-இன் நான்கு, 2018-இன் இரண்டு, கடைசித் துளி ஒன்று. ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றி, எந்த வருடத்தது என்று மேலே எழுதியிருந்தேன். அவர் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, சீவின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இன்னும் எவ்வளவு இருக்கு இதுல?”

“முதல் பிளாக்குல பாதிக்கு மேல இருக்கு மாமா. நூறு சீவல் எடுக்கலாம்.”

தலையை ஆட்டிவிட்டு, பீடி பாஸ்புக்குக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினார்.